வீட்டைப் பூட்டிவிட்டுப் பல மாதம் வெளியூர் செல்பவர்களுக்கு: உப்பு எலுமிச்சை போட்டு வைக்கும் முறை

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஆறு மாதம் செல்லும் பெற்றோர், வளைகுடா நாடுகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிறவர்கள் என, வேலூர்ப் பக்கத்தில் நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். அப்படிப் பூட்டிய வீட்டில், யாரும் தொடாமல், நீங்கள் திரும்பும்போது போட்டபோது இருந்ததைவிடச் சுவையாக மாறியிருக்கக்கூடிய உணவு ஒன்று உண்டென்றால் அது உப்பில் ஊறிய எலுமிச்சைதான். இதை முதன்முறையாகச் செய்ய முயன்றபோது நான் பட்ட சிரமம் ஒன்றே ஒன்றுதான்: யாரிடம் கேட்டாலும் "உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு", "நல்லா வெயில் காட்டு" என்றார்களே தவிர, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தினமும் ஜாடியைத் திறந்து பார்க்கும் வீட்டுக்கு அந்தக் கைப்பக்குவம் போதும். ஆறு மாதம் திறக்கப்போவதில்லை என்றால் அளவும் தேதியும் கட்டாயம் வேண்டும். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீண்ட நாள் வைக்கப்போகும் ஜாடியில் எலுமிச்சை, உப்பு, மஞ்சள் தவிர வேறு எதுவும் சேரக்கூடாது. மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான். எண்ணெய் ஊற்றினால் கெடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண்ணெய் காற்றைத் தடுப்பது உண்மையே. ஆனால் வேலூர்க் கோடையில் பூட்டிய அறையின் வெப்பத்தில் மாதக்கணக்கில் இருக்கும் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். மிளகாயின் சிவப்பு கறுத்துப்போகும். வெந்தயத்தின் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். பழத்தைக் காப்பது அதன் புளிப்பும் உப்பும் மட்டுமே.

1. புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பயணச்சீட்டு கையில் வந்தவுடன் நாட்காட்டியை எடுத்து, புறப்படும் நாளுக்கு ஆறு வாரம் முன்பாக ஒரு தேதியைக் குறியுங்கள். அதுதான் உப்பிடும் நாள். முதல் இரண்டு வாரம் வெயிலுக்கு, அடுத்த மூன்று வாரம் நிழலில் வைத்துக் கண்காணிப்பதற்கு, கடைசி வாரம் மூடிக் கட்டுவதற்கு. நான்கு வாரத்துக்கும் குறைவாகவே அவகாசம் இருந்தால் இந்த முறை வேண்டாம். ஜாடிக்குள் நுரைப்பு அடங்கியதா என்று பார்த்து உறுதிசெய்யாமல் மூடிவிட்டுப் போவது, திரும்பி வந்து தரையெல்லாம் உப்புநீர் வழிந்து கிடப்பதைப் பார்க்கத்தான் உதவும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதில் ஒரு முரண் இருக்கிறது. வெயிலுக்குச் சித்திரை, வைகாசியைவிட நல்ல காலம் நம் ஊரில் இல்லை. ஆனால் அப்போதுதான் எலுமிச்சையின் விலை உச்சத்தில் இருக்கும். 2022 ஏப்ரலில் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விலை இறங்கும், ஆனால் மழையும் ஈரக்காற்றும் ஜாடிக்கு எதிரிகள். ஆகவே என் பரிந்துரை மாசி மாதம். பழம் ஓரளவு மலிவாகவே இருக்கும், வானம் தெளிந்திருக்கும், வெயிலும் காயவைக்கும் அளவுக்கு ஏறியிருக்கும். அமெரிக்கக் குளிருக்குப் பயந்து சித்திரையில் கிளம்பி ஐப்பசிக்குள் திரும்பும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

2. ஜாடி

பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடி ஜாடி மட்டுமே. அலுமினியம், பித்தளை, இரும்பு மூன்றையும் புளிப்பும் உப்பும் சேர்ந்து அரிக்கும். சில வாரங்களுக்குத் தாங்கும் எவர்சில்வர்கூடப் பல மாத உப்புநீருக்கு ஏற்றதல்ல. பலரும் கவனிக்கத் தவறுவது மூடியை. கண்ணாடி ஜாடிகளுக்கு வரும் தகர மூடி மூன்று மாதத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு ஜாடிக்குள் உதிரும். பீங்கான் மூடி, கண்ணாடி மூடி, அல்லது நல்ல பிளாஸ்டிக் மூடி உள்ள ஜாடியாகப் பாருங்கள்.

வேலூர் லாங் பஜார் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் பீங்கான் ஜாடி கிடைக்கிறது. வாங்கும்போது உள்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். மெருகில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தாலும் வேண்டாம், அந்த வெடிப்புக்குள் ஈரமும் பூசணமும் தங்கும். அலங்காரத்துக்காக விற்கும், உள்ளே வண்ணம் தீட்டிய ஜாடிகளை உணவுக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு லிட்டர் ஜாடி சரியாக இருக்கும்.

வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து, ஒரு முழுப் பகல் வெயிலில் காயவைத்த பிறகே ஜாடியைப் பயன்படுத்துங்கள். துணியால் துடைத்தாலே உலர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

3. பழம்

நேதாஜி மார்க்கெட்டில் மொத்தமாகவும் உழவர் சந்தையில் சில்லறையாகவும் வாங்கலாம். நான் உழவர் சந்தையையே விரும்புவேன், ஏனென்றால் அங்கே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க விடுவார்கள். மஞ்சள் திரும்பிய, தோல் மெல்லிய, அழுத்தினால் சற்றே நெகிழும் பழம் வேண்டும். பச்சைக்காயின் தோல் ஊறுவதற்கு அதிக நாள் பிடிக்கும், கசப்பும் கூடுதல். காம்புப் பக்கம் கறுத்ததையும் கனிந்து குழைந்து அமுங்குவதையும் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள்.

ஒரு கிலோவுக்கு நடுத்தர அளவில் 20 முதல் 25 பழங்கள் நிற்கும். நறுக்குவதற்கு ஒரு கிலோ, சாறு பிழிவதற்குத் தனியாக 10 முதல் 12 பழங்கள் என்று வாங்குங்கள். இந்தக் கூடுதல் சாறு ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதல் நாள் மாலையே கழுவித் துடைத்து, இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் துணியில் பரப்பி வைத்துவிடுங்கள்.

4. உப்பு

இந்தப் படியில் தவறினால் மற்ற எல்லாப் படிகளும் வீண். கணக்கு இதுதான்: நறுக்கிய ஒரு கிலோ பழத்துக்கு 250 கிராம் கல் உப்பு, கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 100 மில்லி சாறுக்கும் 25 கிராம் உப்பு. தினமும் கிளறும் வீடுகளில் 150 கிராம் போட்டே சமாளிக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்கு அது போதாது, ஏனென்றால் குறைந்த உப்பில் ஈஸ்ட் எனப்படும் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேற்பரப்பில் படர்ந்து, காலப்போக்கில் புளிப்பைத் தின்று, பூசணத்துக்கு வழிவிட்டுவிடும்.

கையளவு, டம்ளர் அளவு எதுவும் வேண்டாம். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே டம்ளரில் வெவ்வேறு எடை நிற்கும். சமையலறை டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த வேலைக்கு நீங்கள் செய்யும் செலவிலேயே மிகவும் பயனுள்ளது அதுதான். பல ஆண்டுகளுக்கு உழைக்கும்.

ஈரக் கல் உப்பைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மூட்டையிலிருந்து அள்ளித் தரும் கல் உப்பு பெரும்பாலும் நசநசப்பாக இருக்கும். அதை அப்படியே எடை போட்டால் நீரையும் சேர்த்து எடை போட்டவர்கள் ஆகிறோம், உப்பு குறைந்துவிடும். தட்டில் பரப்பி ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகு எடை போடுங்கள். பொட்டலத்தில் வாங்கினால் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். உப்பு கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் உள்ள தூள் உப்பு உப்புநீரைக் கலங்கச் செய்யும். கெடுதல் இல்லையென்றாலும், திரும்பி வந்து பார்க்கும்போது கலங்கல் அதனால் வந்ததா, கெட்டுப்போனதால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. நேரடியாக உண்பதற்கு விற்கும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம் என்பதால் அயோடின் இல்லாத உப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. அயோடின் கலந்த கல் உப்பே போதும்.

5. நறுக்குதலும் அடுக்குதலும்

பலகை, கத்தி, கை மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பழத்தையும் எட்டாக நறுக்கி, விதைகளை எடுத்துவிடுங்கள். நாள்பட நாள்பட விதையின் கசப்பு சாற்றில் இறங்கும். வழியும் சாற்றை வீணாக்காமல் ஜாடியிலேயே ஊற்றுங்கள்.

ஜாடியின் அடியில் ஒரு பிடி உப்பு, அதன்மேல் ஒரு அடுக்கு பழம், மறுபடி உப்பு என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இடையிடையே தூவலாம். கடைசியில் கனமாக ஒரு உப்பு அடுக்கு வரும்படி முன்பே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

6. வெயில்

ஜாடியின் வாயில் மெல்லிய பருத்தித் துணியை வேடு கட்டி, காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்று, நான்கு மணி வரை மொட்டை மாடியில் வையுங்கள். இப்படிப் பத்து முதல் பன்னிரண்டு வெயில் நாள்கள். மேகம் போட்ட நாள் கணக்கில் சேராது. மாலையில் உள்ளே கொண்டுவந்ததும் உடனே மூடியைப் போடக்கூடாது. சூடு ஆறாத ஜாடியை மூடினால் ஆவி மூடியில் படிந்து, நீர்த்துளியாக மேற்பரப்பில் சொட்டும். அந்த இடத்தில் மட்டும் உப்பு நீர்த்துப்போக, பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். இரவு எட்டு மணிக்கு மேல் ஜாடியைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மூடுங்கள்.

நாளுக்கு ஒருமுறை உலர்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறுங்கள். மூன்றாம் நாளுக்குள் பழத்திலிருந்து சாறு கசிந்து மேலே வரும். நான்காம் நாள் பாருங்கள்: துண்டுகள் சாற்றில் முழுவதும் மூழ்கியிருக்கின்றனவா? பெரும்பாலும் மூழ்கியிருக்காது. இதற்காகத்தான் கூடுதல் பழங்கள். அவற்றைப் பிழிந்தால் ஏறக்குறைய 200 மில்லி சாறு வரும். அதில் 50 கிராம் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீராக இருந்தாலும் அது புளிப்பையும் உப்பையும் ஒருசேரக் குறைத்துவிடும்.

7. நிழலில் மூன்று வாரம்

வெயில் முடிந்ததும் ஜாடியை வீட்டுக்குள் வைத்து, மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்திருங்கள். முதல் சில நாள்களில் சிறு குமிழ்கள் எழலாம். இந்த உப்பு அளவில் அது அதிகம் இருக்காது, விரைவிலேயே அடங்கும். தொடர்ந்து பத்து நாள் ஒரு குமிழும் எழவில்லை, மேற்பரப்பில் படலம் எதுவும் இல்லை என்றால்தான் ஜாடி மூடத் தயார். மூன்று வார முடிவில் தோல் மஞ்சளிலிருந்து பழுப்புக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்கும், ஆனால் குழையாது. குழையாமல் இருப்பது நல்லது. மீதி முதிர்ச்சி நீங்கள் இல்லாதபோது நடக்கட்டும்.

பழத்தை அமிழ்த்தி வைக்கச் சிலர் ஆற்றுக்கல்லைப் போடுகிறார்கள். சுண்ணாம்பு கலந்த கல்லாக இருந்தால் புளிப்பு அதைக் கரைத்துத் தன் வலுவை இழந்துவிடும். ஜாடிக்குள் நுழையும் சிறிய பீங்கான் தட்டு அல்லது கண்ணாடிக் கிண்ணம் போதும்.

8. புறப்படும் வாரம்

சாறு எல்லாத் துண்டுகளுக்கும் மேல் ஒரு விரல் உயரம் நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் உப்பிட்ட எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். ஜாடியின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் சதைத் துணுக்குகளை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், சாற்றுக்கு மேலே ஒட்டிக் காயும் அந்தத் துணுக்குகளில்தான் பூசணம் பிடிக்கும். பின்பு மேலே சிறிது உலர்ந்த கல் உப்பைத் தூவி, மூடியை இறுக மூடி, அதன்மேல் கனமான பாலித்தீன் தாளைச் சுற்றிச் சணலால் கட்டுங்கள். துணி வேடு மட்டும் போதாது. கோடையில் அதன் வழியே சாறு ஆவியாகும், மழைக்காலத்தில் ஈரக்காற்று உள்ளே வரும். கரப்பானும் எலியும் வேறு இருக்கின்றன.

எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பரண் கூடவே கூடாது, கூரையின் சூடு முழுவதும் அங்கேதான் இறங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அணைத்த பெட்டிக்குள் ஈரமும் புழுக்கமும் அடைந்து, எதைவிடவும் வேகமாகப் பூசணம் பிடிக்கும். வெயில் படாத உள்ளறையில், தரையை ஒட்டிய அலமாரித் தட்டே நல்ல இடம். ஜாடியின் அடியில் ஒரு பீங்கான் தட்டை வையுங்கள். இரும்பு பீரோவின் அருகில் வேண்டாம், கசியும் உப்புநீர் பீரோவின் காலைத் துருவாக்கிவிடும். எறும்புக்கு அஞ்சித் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதும் வேண்டாம். அந்தத் தண்ணீர் சில நாளில் வற்றிவிடும், அதுவரை ஈரத்தை மட்டுமே தரும்.

9. எழுதி வைக்க வேண்டியவை

ஒரு அட்டையில் உப்பிட்ட தேதி, பழத்தின் எடை, உப்பின் எடை, கூடுதல் சாறின் அளவு, மூடிய தேதி ஆகியவற்றைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜாடியின் கழுத்தில் கட்டுங்கள். மை பேனா ஈரத்தில் அழிந்துவிடும். அதே விவரங்களைக் கைபேசியில் படமாகவும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை உப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை முடிவுசெய்ய இந்த அட்டை ஒன்றே ஆதாரம்.

வீட்டுச் சாவியை அக்காவிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துச் செல்பவர்கள், "ஜாடியைத் திறக்க வேண்டாம், வெளியே கசிந்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்" என்று அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். அக்கறையோடு வந்து திறந்து கிளறிவிட்டு மூடுகிறவர்களால் கெட்டுப்போன ஜாடிகள் அநேகம்.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து. எடுத்துச் செல்வதானால் கைப்பையில் வைக்காதீர்கள். சர்வதேச விமானங்களில் திரவத்துக்குள்ள 100 மில்லி வரம்பு சாறுள்ள ஊறுகாய்க்கும் பொருந்தும். சரக்காக ஏற்றும் பெட்டியில் வைத்து, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இறங்கியவுடன் உணவுப் பொருள் இருப்பதை அறிவித்துவிடுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் ஜாடி போகும், மறைத்தால் அபராதம் கட்ட நேரும்.

10. திரும்பி வந்த பிறகு

பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஜாடியைத் திறக்கும் ஆவல் வரும். முதலில் பார்வையாலும் மூக்காலும் சோதியுங்கள், நாக்கால் அல்ல. சாறு தேன் நிறத்திலிருந்து அடர்பழுப்பாக மாறியிருப்பது இயல்பு. எலுமிச்சையின் சி வைட்டமின் மெதுவாகச் சிதைவதும் அந்த நிறத்துக்கு ஒரு காரணம். ஜாடியின் உட்சுவரில் வெள்ளை உப்புக் கற்கள் படிந்திருப்பதும் இயல்பு, அவை விரலில் நறநறக்கும், நீரில் கரையும். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதேனும் வளர்ந்திருந்தால், மேலே மட்டும் வழித்தெடுத்துவிட்டு அடியிலுள்ளதைச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், ஜாடி முழுவதையும் கொட்டிவிடுங்கள். திறந்ததும் சீறல் சத்தத்தோடு காற்று வெளியேறினாலோ, அழுகல் வாடை வந்தாலோ அப்போதும் அதே முடிவுதான். வெண்மையான மெல்லிய படலத்தை வழித்துவிட்டு உண்ணும் பழக்கம் உண்டு, ஆனால் புதிதாகச் செய்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஐயம் தீர வேண்டுமென்றால், புளிப்பின் அளவைக் காட்டும் பி.ஹெச் தாளால் சோதியுங்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6-க்குக் கீழே இருந்தால் உயிருக்கு ஆபத்தான பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளராது. நன்றாக ஊறிய எலுமிச்சை 3-ஐ ஒட்டியே காட்டும்.

இதே காரணத்தால்தான் பூண்டு, பச்சை இஞ்சி, தக்காளி ஆகியவற்றை இந்த ஜாடியில் சேர்க்க வேண்டாம் என்கிறேன். அவற்றின் புளிப்பு போதாது. ஓராண்டுக்கும் மேல் ஊர் திரும்பப்போவதில்லை என்றால் இந்த ஈர முறையைவிட நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, தன் சாற்றிலேயே ஊறவிட்டு, அந்தச் சாறு முழுவதும் இழுத்துக்கொள்ளும்வரை நாள்தோறும் வெயிலில் காயவைத்து எடுப்பதே ஏற்றது. அதற்கு வெயில் நாள்கள் கூடுதலாக வேண்டும், ஆனால் வற்றலாகக் காய்ந்துவிட்டால் கசிவதற்கு ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் கால் கிலோ மட்டும் தனியே எடுங்கள். நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காய்ச்சி, கடுகு தாளித்து, அடுப்பை அணைத்து, சற்று ஆறியதும் பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, முழுவதும் ஆறிய பின் எலுமிச்சையோடு கலந்துவிடுங்கள். இன்னும் உப்பு சேர்க்க வேண்டாம். தாளித்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட்டு, அடுத்த கால் கிலோவைத் தாளித்துக்கொள்ளலாம். ஜாடியில் மீதமுள்ளது உலர்ந்த கரண்டி மட்டுமே படும்வரை அப்படியே நிற்கும்.

பழைய சோற்றுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் தாளிக்காத வெறும் உப்பு எலுமிச்சையே நன்றாக இருக்கும். ஆனால் ஒரு துண்டிலேயே ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதுக்கும் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் குறைவு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் துண்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, அரைத் துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.